கையடக்கக் கருவியும் குழந்தையின் வளர்ச்சியும்: ஓர் எளிய விளக்கம்

ஒரு வயது நிறைந்த ஆண் குழந்தை. எடை 8.2 கிலோ. இது போதுமான எடையா, குறைவா?

எடையை மட்டும் வைத்துக்கொண்டு இதற்கு யாராலும் பதில் சொல்ல முடியாது. அதே வயதில் ஆரோக்கியமாக வளரும் மற்ற ஆண் குழந்தைகள் எவ்வளவு எடை இருப்பார்கள் என்று தெரிந்தால்தான் 8.2 என்ற எண்ணுக்கு அர்த்தம் வரும். கிளினிக்கில் நர்ஸ் கையில் இருக்கும் போனோ டேப்லெட்டோ அந்த ஒப்பீட்டைத்தான் நொடியில் செய்துகொடுக்கிறது. பிறந்த தேதி, ஆணா பெண்ணா, எடை, உயரம் ஆகியவற்றைக் கொடுத்தால் போதும். திரையில் சில வளைகோடுகளும், அவற்றுக்கு நடுவே ஒரு புள்ளியும், பக்கத்தில் −1.5 என்பது போன்ற ஓர் எண்ணும் வந்துவிடும்.

அந்த எண் எங்கிருந்து வருகிறது, அதை எந்த அளவுக்கு நம்பலாம், எங்கே சந்தேகப்பட வேண்டும் என்பதை இங்கே பார்ப்போம். கிளினிக் வேலைக்குப் புதிதாக வந்திருப்பவர்களையும், திரையைப் பார்த்துவிட்டுக் கவலையோடு வீடு திரும்பும் பெற்றோரையும் மனதில் வைத்தே இதை எழுதுகிறேன்.

எதனோடு ஒப்பிடுகிறோம்?

குழந்தையைத் தொடர்ந்து அளந்து எழுதிவைக்கும் பழக்கம் 18ஆம் நூற்றாண்டிலேயே இருந்திருக்கிறது. பிரான்ஸில் மோன்பெயார் என்பவர் 1759இல் பிறந்த தன் மகனை 1777 வரை அளந்து குறித்துவைத்தார். அந்தக் குறிப்புகளைக் கோடாக வரைந்தால் இன்றைய வளர்ச்சி வரைபடத்தில் பார்க்கிற அதே வடிவம்தான் கிடைக்கிறது. முதல் இரண்டு வருடம் வேகமாக ஏறுகிறது, பிறகு நிதானமாகிறது, பருவ வயதில் மறுபடி ஒரு பாய்ச்சல் காட்டுகிறது. ஆனால் ஒரே ஒரு பையனின் கோட்டை மற்ற எல்லாக் குழந்தைகளுக்கும் அளவுகோலாக்க முடியாது. அதற்கு ஆயிரக்கணக்கான குழந்தைகளை அளக்க வேண்டும்.

இன்று பெரும்பாலான செயலிகளுக்குள் இருப்பது உலக சுகாதார நிறுவனம் 2006இல் வெளியிட்ட அளவுகோல். 1997 முதல் 2003 வரை பிரேசில், கானா, இந்தியா, நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகிய 6 நாடுகளில் சுமார் 8,500 குழந்தைகளை அளந்து அதை உருவாக்கினார்கள். கண்ணில் பட்ட குழந்தைகளையெல்லாம் பிடித்து அளந்துவிடவில்லை. தாய்ப்பால் குடித்த, தாய் புகைபிடிக்காத, வளர்ச்சிக்குத் தடையான வறுமையோ நோயோ இல்லாத குழந்தைகளாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்தார்கள். அதனால் இந்த வரைபடம் குழந்தைகள் எப்படி வளர்கிறார்கள் என்பதைவிட, நல்ல சூழல் அமைந்தால் எப்படி வளர முடியும் என்பதைக் காட்டுகிறது. 6 நாட்டுக் குழந்தைகளின் நீள வளர்ச்சியும் ஒன்றுக்கொன்று மிக நெருக்கமாக இருந்தது அந்த ஆய்வின் முக்கியமான முடிவு. முதல் 5 வருடங்களில் உயரத்தைத் தீர்மானிப்பதில் இனத்தைவிட உணவுக்கும் பராமரிப்புக்கும் நோயில்லாத சூழலுக்கும் பெரிய பங்கு உண்டு என்பது அதிலிருந்து தெரிந்தது.

இந்த அளவுகோல் 5 வயது வரைக்கும்தான். 5 முதல் 19 வயது வரை உள்ளவர்களுக்கு அதே நிறுவனம் 2007இல் தனி வரைபடம் வெளியிட்டது. அது பழைய அமெரிக்கத் தரவுகளை மறுபடி செப்பனிட்டு உருவாக்கியது. அமெரிக்க நோய்த்தடுப்பு மையமான சி.டி.சி. 2000இல் வெளியிட்ட வரைபடங்களும் பல செயலிகளில் இருக்கும். கருவி எந்த வரைபடத்தை வைத்துக் கணக்குப் போடுகிறது என்பதை முதல் நாளே பார்த்து வைத்துக்கொள்வது நல்லது. ஏன் என்பது பின்னால் வருகிறது.

−1.5 என்றால் என்ன?

சரி, மறுபடி அந்த 8.2 கிலோ குழந்தையிடம் வருவோம். ஒரு வயது ஆண் குழந்தைகளின் நடுமதிப்பு எடை சுமார் 9.6 கிலோ. அதாவது பாதிக் குழந்தைகள் அதற்கு மேலேயும் பாதிக் குழந்தைகள் கீழேயும் இருப்பார்கள். நம் குழந்தை 1.4 கிலோ குறைவு.

1.4 கிலோ என்பது பெரிய குறைவா? பிறந்த குழந்தையாக இருந்தால் மிகப் பெரிய குறைவு. அந்த வயதில் ஆண் குழந்தைகளின் நடுமதிப்பே 3.3 கிலோதான். 10 வயதுப் பையனாக இருந்தால் அது பொருட்டே இல்லை. ஆக, வித்தியாசம் எத்தனை கிலோ என்பதோடு, அந்த வயதில் ஆரோக்கியமான குழந்தைகளுக்குள்ளேயே எடை எவ்வளவு பரவிக் கிடக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். இந்தப் பரவலைத்தான் திட்ட விலக்கம் என்ற அலகால் அளக்கிறோம். நடுமதிப்பிலிருந்து குழந்தை எத்தனை திட்ட விலக்கம் தள்ளி நிற்கிறது என்பதுதான் இசட் ஸ்கோர். சரியாக நடுவில் இருந்தால் 0. கீழே இருந்தால் மைனஸ், மேலே இருந்தால் பிளஸ். ஒரு வயதுப் பையனுக்கு −1 என்பது சுமார் 8.6 கிலோவிலும், −2 என்பது சுமார் 7.7 கிலோவிலும் விழுகிறது. 8.2 இரண்டுக்கும் நடுவே இருப்பதால் −1.5 வருகிறது.

கருவி இதை மூன்று எண்களை வைத்துக் கணக்கிடுகிறது. பிரிட்டிஷ் புள்ளியியலாளர் டிம் கோல் வகுத்த இந்த முறைக்கு எல்.எம்.எஸ். என்று பெயர். எம் என்பது நடுமதிப்பு. எஸ் என்பது பரவல். எல் என்பது அந்தப் பரவல் ஒரு பக்கம் சாய்ந்திருப்பதைச் சரிசெய்யும் எண். குழந்தைகளின் எடை இரண்டு பக்கமும் சமமாகப் பரவுவதில்லை, அதிக எடைப் பக்கம் வால் நீளமாக இருக்கும். அதனால்தான் எல் தேவைப்படுகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் அட்டவணையில் பிறந்த நாள் முதல் 5 வயது வரை ஒவ்வொரு நாளுக்கும், ஆணுக்குத் தனியாகவும் பெண்ணுக்குத் தனியாகவும் இந்த மூன்று எண்கள் உண்டு. காகித அட்டையில் நிறைந்த மாதத்தைத்தான் குறிக்க முடியும். கருவி வயதை நாள் கணக்கில் எடுத்துக்கொண்டு, அந்த நாளுக்குரிய வரியைத் தேடிப் பிடித்துக் கணக்குப் போடுகிறது. மனிதக் கையால் நெரிசலான புறநோயாளிப் பிரிவில் இதைச் செய்வது நடக்காத காரியம்.

இதே விஷயத்தைச் சில கருவிகள் பெர்சென்டைல் என்று காட்டும். ஒரே வயதுள்ள 100 ஆண் குழந்தைகளை எடை வரிசைப்படி நிற்க வைத்தால் நம் குழந்தை சுமார் 7ஆவது இடத்தில் நிற்கும், எனவே 7ஆவது பெர்சென்டைல். இது பரீட்சை மார்க் அல்ல. 50க்குக் கீழே இருந்தால் தோல்வி என்று எதுவும் கிடையாது. ஆரோக்கியமான குழந்தைகளில் பாதிப் பேர் 50க்குக் கீழேதான் இருப்பார்கள், இருந்தே ஆக வேண்டும். இதைப் பெற்றோருக்கு ஒருமுறை பொறுமையாகச் சொல்லிவிட்டால் பல தேவையற்ற கவலைகள் தீரும்.

பெர்சென்டைல் புரிந்துகொள்ளச் சுலபம்தான். ஆனால் நோய்வாய்ப்பட்ட குழந்தைகளுக்கு அது உதவுவதில்லை. −2 இசட் ஸ்கோர் சுமார் 2ஆவது பெர்சென்டைல். −3 என்பது 1க்கும் கீழே போய்விடும். −3இல் இருக்கும் குழந்தைக்கும் −4இல் இருக்கும் குழந்தைக்கும் பெர்சென்டைல் திரையில் '1க்குக் கீழே' என்றே காட்டும். அந்தக் குழந்தைகளில் யார் தேறுகிறார்கள், யார் இன்னும் சரிகிறார்கள் என்று பார்க்க இசட் ஸ்கோர்தான் கைகொடுக்கும்.

சட்டைப்பைக்கு வந்த வரைபடம்

காகித வளர்ச்சி அட்டை இன்றும் நல்ல கருவிதான். மின்சாரம் வேண்டாம், தாய் வீட்டுக்கு எடுத்துப்போகலாம். ஆனால் அதில் வயதைத் தப்பாக எண்ணிவிடுவதும், புள்ளியைப் பக்கத்துக் கட்டத்தில் வைத்துவிடுவதும் சகஜம். உயரத்துக்கேற்ற எடையைப் பார்க்கத் தனி அட்டவணையைப் புரட்ட வேண்டும், வேலை நெருக்கடியில் அது விட்டுப்போகும். 1996இல் பாம் பைலட் வந்து உள்ளங்கைக் கணினிகள் பரவிய பிறகு, 2000களில் மருத்துவர்கள் வளர்ச்சி வரைபடத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளத் தொடங்கினார்கள். உலக சுகாதார நிறுவனமும் தன் புதிய அளவுகோலோடு 'ஆந்த்ரோ' என்ற இலவச மென்பொருளை வெளியிட்டது. மேசைக் கணினிக்கு மட்டுமல்லாமல் கையடக்கக் கருவிக்கும் அதில் பதிப்பு இருந்தது. பிறகு 5 வயதுக்கு மேற்பட்டோருக்காக 'ஆந்த்ரோ பிளஸ்' வந்தது. இன்று அந்த வேலையைப் போன் செய்கிறது. சில இடங்களில் டிஜிட்டல் எடைக் கருவியிலிருந்தே எண் நேராகப் போனுக்குப் போய்விடுகிறது. எண்ணை மாற்றி எழுதும் பிழை அதில் குறையும்.

கேமராவில் குழந்தையைப் படம் பிடித்து உயரத்தைக் கணக்கிடும் முயற்சிகளும் நடக்கின்றன. ஆர்வமூட்டும் துறை. ஆனால் நெளிந்துகொண்டே இருக்கும் குழந்தையிடம் சில மில்லிமீட்டர் துல்லியம் வேண்டும் என்பதால், அளக்கும் பலகையை ஓரங்கட்டும் காலம் இன்னும் வரவில்லை என்றே நினைக்கிறேன்.

கணக்கு தப்பாது, உள்ளே போவது தப்பலாம்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியை மட்டும் படிப்பதென்றால் இதைப் படியுங்கள். நல்ல செயலி கணக்கில் தவறுவதே இல்லை. ஆனால் தப்பான எண்ணைக் கொடுத்தாலும் அதே தன்னம்பிக்கையோடு, அதே அழகான புள்ளியாகத் திரையில் காட்டும்.

ஆண், பெண் என்ற ஒரு பொத்தானை எடுத்துக்கொள்வோம். அந்த 8.2 கிலோ குழந்தைக்குக் கை தவறிப் பெண் என்று அழுத்திவிட்டால் −1.5 என்பது சுமார் −0.7 ஆகிவிடும். பெண் குழந்தைகளின் நடுமதிப்பு அந்த வயதில் 8.9 கிலோ என்பதால் அப்படி. எந்த எச்சரிக்கையும் வராது, ஏனென்றால் −0.7 மிகச் சாதாரணமான எண்.

வயது இன்னும் பெரிய பொறி. ஒரு மாத ஆண் குழந்தையின் நடுமதிப்பு நீளம் 54.7 செ.மீ., இரண்டு மாதத்தில் 58.4 செ.மீ. அந்த வயதில் ஒரு திட்ட விலக்கம் ஏறக்குறைய 2 செ.மீ. ஆகவே இரண்டு மாதக் குழந்தையின் வயதில் ஒரு மாதம் தப்பினால் இசட் ஸ்கோர் கிட்டத்தட்ட 2 அளவு நகர்ந்துவிடும். நன்றாக இருக்கும் குழந்தையை வளர்ச்சி குன்றிய குழந்தையாகக் காட்ட இது போதும். ஒரு வயதில் அதே ஒரு மாதத் தவறு சுமார் 0.5 அளவுக்கு மாற்றும். குழந்தை எவ்வளவு சிறியதோ அவ்வளவு துல்லியமாக வயது வேண்டும். 'மூணு மாசம் இருக்கும்' என்று தாய் சொல்வதைப் போடாமல் பிறந்த தேதியைக் கேட்டு, முடிந்தால் பிறப்புச் சான்றிதழையோ தடுப்பூசி அட்டையையோ பார்த்துப் போட வேண்டும். அப்புறம், தேதி எழுதும் முறை. 03/04 என்பதைச் சில கருவிகள் ஏப்ரல் 3 என்றும் சில மார்ச் 4 என்றும் எடுத்துக்கொள்ளும். ஒரு மாதப் பிழை இப்படித்தான் சத்தமில்லாமல் நுழைகிறது. மாதத்தைப் பெயரால் காட்டும் செயலி என்றால் நிம்மதி.

அடுத்து, நீளமும் உயரமும். 2 வயதுக்கு உட்பட்ட குழந்தையைப் படுக்க வைத்து அளக்க வேண்டும், அதற்கு மேல் நிற்க வைத்து. படுத்த நிலையில் அளந்தால் அதே குழந்தை சராசரியாக 0.7 செ.மீ. கூடுதலாக இருக்கும். எப்படி அளந்தோம் என்று கருவி கேட்பது இதைச் சரிசெய்யத்தான். ஒன்றரை வயதுக் குழந்தை படுக்க மறுத்து நிற்க வைத்து அளந்திருந்தால், அதைச் சொன்னால் கருவி 0.7 செ.மீ. கூட்டிக்கொள்ளும். அந்தக் கேள்வியைத் தாண்டிப் போய்விடாதீர்கள்.

அளப்பதில்தான் உண்மையான கைத்திறன் இருக்கிறது. கைக்குழந்தையின் நீளத்தை ஒருவரால் அளக்க முடியாது, இரண்டு பேர் வேண்டும். ஒருவர் தலையைப் பலகையின் நிலையான முனையோடு சேர்த்து, முகம் நேராக மேலே பார்க்கும்படி பிடிக்க வேண்டும். மற்றவர் முழங்காலை மெதுவாக அழுத்திக் காலை நீட்டி, உள்ளங்காலில் நகரும் பலகையைப் பதிய வைத்து வாசிக்க வேண்டும். நாடாவால் படுக்கையில் அளந்தால் ஒன்றிரண்டு செ.மீ. எளிதாகத் தப்பும். ஒரு வயதில் நீளத்தின் திட்ட விலக்கம் சுமார் 2.4 செ.மீ. என்பதால், 1 செ.மீ. தவறு என்றாலே இசட் ஸ்கோரில் 0.4 போய்விடும். கருவி −2.13 என்று இரண்டு தசமம் வரை காட்டுவதைப் பார்த்து அவ்வளவு துல்லியம் நம்மிடம் இருப்பதாக நினைத்துக்கொள்ளக் கூடாது.

நிற்கும் குழந்தைக்குக் குதிகால், பின்புறம், தோள்பட்டை, பின்தலை ஆகியவை பலகையைத் தொட வேண்டும். காதுத் துளையும் கண்குழியின் கீழ் விளிம்பும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். உச்சியில் கொண்டை போட்டிருந்தால் அவிழ்த்துவிட வேண்டும். நாள் முழுக்க ஓடியாடுவதால் முதுகெலும்பு அமுங்கி, மாலையில் உயரம் 1 செ.மீ. வரை குறைந்து தெரியலாம் என்பதும் நினைவிருக்கட்டும்.

எடையில் முக்கிய எதிரி துணி. ஒரு மாதக் குழந்தைக்கு ஒரு திட்ட விலக்கம் சுமார் 600 கிராம்தான். ஈர டயப்பரும் சட்டையும் சேர்ந்து 200 கிராம் வந்தால், இசட் ஸ்கோர் சுமார் 0.3 கூடிவிட்டது. கைக்குழந்தையைத் துணியில்லாமல் எடை பார்ப்பதே சரி. இறங்க மறுத்து அழும் குழந்தைக்கு, முதலில் தாயை நிறுத்தி எடையைப் பூஜ்யமாக்கி, பிறகு குழந்தையைத் தாயின் கையில் கொடுத்தால் குழந்தையின் எடை மட்டும் காட்டும் எடைக் கருவிகள் உண்டு. அவை மிகவும் பயனுள்ளவை. எடைக் கருவியை எடை தெரிந்த ஒரு பொருளை வைத்து அடிக்கடி சரிபார்க்க வேண்டும். டிஜிட்டல் என்பதாலேயே அது சரியாகக் காட்டும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை.

எல்லாவற்றையும் இரண்டு முறை அளந்து சராசரி எடுக்க முடிந்தால் மிக நல்லது. உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வில் இரண்டு பேர் தனித்தனியாக அளந்தார்கள். நீளத்தில் 7 மில்லிமீட்டருக்கு மேல் வித்தியாசம் வந்தால் மறுபடி அளந்தார்கள். எல்லா கிளினிக்கிலும் இது நடக்காது. ஆனால் எண் விசித்திரமாக வந்த குழந்தைக்காவது இரண்டாவது முறை அளக்க நேரம் ஒதுக்கலாம்.

நல்ல கருவி விசித்திரமான எண்களைக் கொடி காட்டும். வயதுக்கேற்ற உயரம் −6க்குக் கீழோ +6க்கு மேலோ போனால், உயரத்துக்கேற்ற எடை −5க்குக் கீழோ +5க்கு மேலோ போனால், உலக சுகாதார நிறுவனத்தின் மென்பொருள் எச்சரிக்கும். 8.2 என்பதற்குப் பதில் 82 என்று தட்டினால் இது பிடித்துவிடும். 8.2க்குப் பதில் 9.2 என்று தட்டினால் பிடிக்காது. அங்கே நம் கண்தான் காவல்.

ஒரே குழந்தை, மூன்று பதில்

கருவி ஒரு குழந்தைக்குப் பல எண்களைத் தரும். புதிதாக வருபவர்கள் பலர் எடையை மட்டும் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். அது ஏன் போதாது என்பதற்கு ஓர் உதாரணம்: சரியாக 2 வயதான ஆண் குழந்தை, நிற்கும்போது உயரம் 80 செ.மீ., எடை 10.4 கிலோ. வயதுக்கேற்ற எடை சுமார் −1.4, பெரிதாக ஒன்றும் தெரியாது. உயரத்துக்கேற்ற எடை பூஜ்யத்துக்கு மிக அருகில், ஆள் மெலிந்தவனாக இல்லை. ஆனால் வயதுக்கேற்ற உயரம் −2.3. அதாவது வளர்ச்சி குன்றியிருக்கிறான். நீண்ட காலமாகவே ஏதோ போதாமல் இருந்திருக்கிறது என்பதற்கான அடையாளம் அது. எடையை மட்டும் குறித்த அட்டையில் இந்தக் குழந்தை கண்ணில் படாமல் போயிருப்பான்.

5 வயதுக்கு உட்பட்டோருக்கு எல்லைகள் இப்படி: வயதுக்கேற்ற உயரம் −2க்குக் கீழே என்றால் வளர்ச்சி குன்றல். உயரத்துக்கேற்ற எடை −2க்குக் கீழே என்றால் மெலிவு, −3க்குக் கீழே என்றால் கடுமையான மெலிவு, உடனே கவனிக்க வேண்டியது. மறுபக்கம் +2க்கு மேல் அதிக எடை, +3க்கு மேல் உடல் பருமன். 5 வயதுக்குப் பிறகு பி.எம்.ஐ. (கிலோ எடையை மீட்டர் உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வரும் எண்) பார்க்கிறோம். அங்கே எல்லை மாறும்: +1க்கு மேல் அதிக எடை, +2க்கு மேல் பருமன்.

இரண்டு பாதங்களிலும் நீர் கோத்து வீங்கியிருக்கும் குழந்தைக்கு எடை பொய் சொல்லும். நீரின் எடை சேர்ந்து இசட் ஸ்கோர் நன்றாகவே தெரியலாம். ஆனால் ஊட்டச்சத்துக் குறைவால் வந்த வீக்கம் என்றால் எண் எப்படி இருந்தாலும் அது கடுமையான நிலைதான். பாதத்தின் மேல் கட்டைவிரலால் சில நொடி அழுத்திப் பார்த்துக் குழி விழுகிறதா என்று பார்க்கும் வேலையைக் கருவி செய்யாது. வீக்கம் உண்டா என்ற கட்டம் செயலியில் இருந்தால், பார்த்துவிட்டு நிரப்புங்கள்.

பேட்டரியே வேண்டாத ஒரு கருவியையும் சொல்லியாக வேண்டும். 6 மாதம் முதல் 5 வயது வரை இடது மேற்கையின் நடுச் சுற்றளவை அளக்கும் வண்ண நாடா அது. 11.5 செ.மீ.க்குக் கீழே வந்தால் கடுமையான ஊட்டச்சத்துக் குறைவு, 11.5க்கும் 12.5க்கும் இடையே என்றால் மிதமானது. வயதையும் உயரத்தையும் கணக்கிட முடியாத நெருக்கடியான இடங்களில் இந்த நாடா எத்தனையோ குழந்தைகளை அடையாளம் காட்டியிருக்கிறது. போன் இருக்கிறது என்று இதைத் தூக்கிப் போட்டுவிட வேண்டாம்.

புள்ளியும் கோடும்

ஒரு நாள் அளவு என்பது ஒரு புள்ளி. வளர்ச்சி தெரிவது புள்ளிகளைச் சேர்க்கும் கோட்டில். முந்தைய அளவுகளைச் சேமித்துவைத்து ஒரே திரையில் காட்டுவதுதான் கையடக்கக் கருவியின் மிகப் பெரிய நன்மை என்பேன்.

வயதுக்கேற்ற உயரம் −1.8 காட்டும் இரண்டு குழந்தைகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு குழந்தையின் கோடு முதல் வருடத்துக்குப் பிறகு எப்போதும் −1.8ஐ ஒட்டியே போகிறது, பெற்றோர் இருவரும் உயரம் குறைந்தவர்கள், குழந்தை விளையாடுகிறது, சாப்பிடுகிறது. இன்னொரு குழந்தை ஒரு வருடத்துக்கு முன்பு 0இல் இருந்தது, அங்கிருந்து சரிந்து இன்று −1.8க்கு வந்திருக்கிறது. இருவருமே −2க்கு மேலேதான் இருக்கிறார்கள், கருவி இருவருக்கும் பச்சை நிறமே காட்டலாம். ஆனால் இரண்டாவது குழந்தைக்கு ஏதோ நடந்துகொண்டிருக்கிறது. உணவா, அடிக்கடி வரும் வயிற்றுப்போக்கா, தைராய்டா, குடல் சத்தை உறிஞ்சாத நோயா என்று தேட வேண்டும். எல்லைக்கோட்டைத் தொடும் வரை காத்திருப்பது சரியல்ல.

முதல் வருடத்தில் குழந்தை ஏறக்குறைய 25 செ.மீ. வளரும், இரண்டாம் வருடத்தில் அதில் பாதி. 4 வயதுக்குப் பிறகு பருவ வயது வரை வருடத்துக்கு 5, 6 செ.மீ. இதில் ஒரு நுணுக்கம் உண்டு. 6 வயதுக் குழந்தையை மாதா மாதம் அளந்து வேகம் பார்த்தால், அந்த மாதத்து வளர்ச்சி அரை செ.மீ.தான், அளவுப் பிழையும் அதே அரை செ.மீ. இருக்கும். கோடு வீணாக ஏறி இறங்கி எல்லோரையும் பயமுறுத்தும். இந்த வயதில் குறைந்தது 6 மாத இடைவெளி விட்டு வேகத்தைக் கணக்கிடுவது நல்லது. அதற்கு நேர்மாறாக, பிறந்த சில வாரக் குழந்தை எடை ஏறாமல் இருந்தால் ஒரு மாதம் கூடக் காத்திருக்கக் கூடாது.

வரைபடம் மாறும் இடத்திலும் கோடு பொய் சொல்லும். சில செயலிகள் 2 வயது வரை உலக சுகாதார நிறுவனத்தின் வரைபடத்தையும், அதற்குப் பிறகு சி.டி.சி. வரைபடத்தையும் பயன்படுத்தும். பிறந்தநாள் கழிந்த மறுவாரம் இசட் ஸ்கோர் திடீரென்று குதித்தால், மாறியது குழந்தையா அளவுகோலா என்று முதலில் பாருங்கள். எந்த வரைபடம் என்று தெரிந்து வைத்துக்கொள்ளச் சொன்னது இதற்காகத்தான்.

குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளுக்குத் தனிக் கவனம் வேண்டும். 32 வாரத்தில் பிறந்த குழந்தை 8 வாரம் முன்கூட்டி வந்திருக்கிறது. பிறந்து 16 வாரம் ஆனபோது அதை 16 வாரக் குழந்தைகளோடு ஒப்பிடுவது அநியாயம். 8 வாரத்தைக் கழித்து 8 வாரக் குழந்தையாகவே பார்க்க வேண்டும். இதைத்தான் திருத்திய வயது என்கிறோம், பொதுவாக 2 வயது வரை இப்படிப் பார்ப்பது வழக்கம். கர்ப்ப வாரத்தை உள்ளிட இடமில்லாத செயலியில் இந்தக் குழந்தைகள் எல்லோரும் குன்றியவர்களாகவே தெரிவார்கள். கர்ப்ப வாரக் கணக்கில் 40 வாரம் நிறையும் முன்பு பார்ப்பதற்கு, குறைமாதக் குழந்தைகளுக்கென்றே உள்ள ஃபென்டன் வரைபடமோ இன்டர்குரோத்-21 அளவுகோலோ உள்ள கருவி தேவை. டவுன் சின்ட்ரோம் போன்ற நிலைகளுக்கும் தனி வரைபடங்கள் உண்டு.

கருவியைத் தேர்ந்தெடுக்கும்போது

இணையம் இல்லாமலும் வேலை செய்ய வேண்டும் என்பதை நான் முதலில் பார்ப்பேன். சிக்னல் வரும் வரை அழும் குழந்தை காத்திருக்காது. எந்த அளவுகோல், எந்தப் பதிப்பு என்று வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். கிலோ, செ.மீ. என்ற அலகுகள் தற்செயலாகப் பவுண்டு, அங்குலமாக மாறிவிடாதபடி பூட்ட முடிய வேண்டும். நம்புவதற்கு முன் விடை தெரிந்த சில கணக்குகளைப் போட்டுப் பாருங்கள். ஒரு வயது நிறைந்த ஆண் குழந்தைக்கு 9.6 கிலோ கொடுத்தால் வயதுக்கேற்ற எடை 0ஐ ஒட்டி வர வேண்டும், 7.7 கொடுத்தால் −2ஐ ஒட்டி. வரவில்லை என்றால் அந்தச் செயலியை வைத்துக்கொள்ளாதீர்கள்.

குழந்தையின் பெயர், பிறந்த தேதி, உடல்நிலை எல்லாம் அந்தச் சிறிய கருவிக்குள் இருக்கிறது. அது தொலையலாம், திருடு போகலாம். பூட்டு இல்லாத போனில், யாருடைய சர்வருக்குப் போகிறது என்று தெரியாத செயலியில், குழந்தைகளின் விவரங்களைப் போடுவது தவறு. நர்ஸின் சொந்தப் போனில் போடச் சொல்லும் இடங்களில் இதை வெளிப்படையாகப் பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டும்.

பெற்றோரிடம் திரையைத் திருப்பிக் காட்டுங்கள். சிவப்பு, மஞ்சள், பச்சை என்ற நிறங்கள் அவர்கள் மனதில் பதியும், அதனால் நிறத்தை மட்டும் காட்டி அனுப்பிவிடக் கூடாது. போன தடவை புள்ளி இங்கே இருந்தது, இந்தத் தடவை இங்கே வந்திருக்கிறது என்று விரலால் தொட்டுக் காட்டினால், எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிக்கும் புரியும். பிறகு கேளுங்கள்: நடுவில் காய்ச்சல் வந்ததா, பால் குறைந்ததா, வீட்டில் ஏதாவது மாறியதா? கணக்குக்குப் போகும் நேரத்தைக் கருவி மிச்சப்படுத்தித் தருகிறது. காரணம் வெளியே வருவது அந்த மிச்ச நேரத்தில் நடக்கும் பேச்சில்தான், பல முறை தாயே சொல்லிவிடுவார்.

கடைசியாக, அன்றைய தேதி, எடை, உயரம், இசட் ஸ்கோர் நான்கையும் தாயிடம் இருக்கும் அட்டையிலும் கையால் எழுதிக் கொடுங்கள். குடும்பம் வேறு ஊருக்குப் போகலாம், அடுத்த மருத்துவர் வேறு செயலி வைத்திருக்கலாம். அளந்த எடையும் உயரமும் தேதியோடு எழுதியிருந்தால், எந்தக் கருவியிலும் அந்தக் கோட்டை மறுபடி வரைந்துகொள்ள முடியும்.